தொப்பி மாற்றும் உத்தியோகம்! அமெரிக்க கார் பந்தயத்தில் பி.ஆர்.ஓ. வேலை கிடைப்பது எப்படி?

பந்தயம் முடிந்து விட்டது. ஜெயித்த காரிலிருந்து வீரர் இறங்குகிறார். மூன்று மணி நேரம் அனலில் வெந்து, வேர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறார். மனைவி ஓடி வந்து கட்டிக் கொள்கிறார். வண்ணக் காகிதங்கள் பூமாரி போலக் கொட்டுகின்றன.

அப்போது பக்கத்தில் இருந்து ஒரு கை நீள்கிறது. வீரரின் தலையில் ஒரு தொப்பி ஏறுகிறது. கேமராக்கள் 'பளிச், பளிச்' என்று மின்னுகின்றன. அடுத்த நொடி அந்தத் தொப்பி போய் வேறு தொப்பி! மறுபடி பளிச். இன்னொரு தொப்பி. இன்னொன்று. டயர் கம்பெனி தொப்பி, பெட்ரோல் கம்பெனி தொப்பி, குளிர்பான கம்பெனி தொப்பி என்று போய்க் கொண்டே இருக்கிறது.

"என்னய்யா இது கூத்து?" என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பார்கள்.

ஒவ்வொரு தொப்பிக்குப் பின்னாலும் ஒரு கம்பெனி இருக்கிறது. அந்தக் கம்பெனி பந்தயத்தில் பணம் போட்டிருக்கிறது. தன் பெயர் போட்ட தொப்பியோடு வீரர் சிரிக்கும் படம் மறுநாள் அதன் முதலாளி மேஜைக்குப் போக வேண்டும். ஒரு தொப்பி விட்டுப் போனாலும் திங்கட்கிழமை காலையில் போன் வந்து விடும்.

அந்தப் போனை எடுத்து பதில் சொல்ல வேண்டியவர்தான் பி.ஆர்.ஓ. அதாவது மக்கள் தொடர்பு அதிகாரி.

சினிமாவில் பி.ஆர்.ஓ. என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கார் பந்தயத்திலும் பி.ஆர்.ஓ. உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் 'ஸ்டாக் கார்' பந்தயத்தில் இது ஒரு தனித் தொழில். இதற்காகவே படிக்கிறார்கள். இதற்காகவே ஊர் விட்டு ஊர் வந்து காத்துக் கிடக்கிறார்கள்.

தொப்பி மாற்றுவதிலேயே பெயர் வாங்கியவர் ஒருவர் இருந்தார். பில் பிராட்ரிக் என்று பெயர். பெட்ரோல் கம்பெனி ஒன்றின் மக்கள் தொடர்பு ஆள். ஆறடிக்கு மேல் உயரம், செம்பட்டைத் தலைமுடி, செம்பட்டைத் தாடி. 1960-களின் கடைசியில் இருந்து 1997 வரை வெற்றி மேடையில் வீரருக்குப் பக்கத்தில் நிற்பார். வீரரின் பெயர் தெரியாதவர்களுக்குக் கூட அந்தத் தாடி தெரியும். "தொப்பிக்காரர்" என்றே அவரை அழைத்தார்கள்.

சித்திரக் கதை பார்த்து வந்தவர்

'ஸ்டாக் கார்' என்றால் கடையில் விற்கும் சாதாரண கார் என்று அர்த்தம். ஆரம்பத்தில் நிஜமாகவே கடைக் கார்தான் ஓடியது. இப்போது வெளித்தோற்றம் மட்டும் செவர்லே, போர்டு, டொயோட்டா. உள்ளே எல்லாம் பந்தயத்துக்கென்றே செய்தது. பெரிய மைதானங்களில் மணிக்கு 180 மைலுக்கு மேல் பறக்கும்.

இந்தப் பந்தயங்களை நடத்தும் அமைப்பு 'நாஸ்கார்'. 1947 டிசம்பரில் புளோரிடா மாநிலம் டேடோனா பீச் ஊரில், ஒரு ஓட்டல் மாடியில் பில் பிரான்ஸ் என்பவர் கூட்டிய கூட்டத்தில் பிறந்தது.

1949 ஜூன் 19-ந் தேதி வட கரோலினா மாநிலம் சார்லட் நகரில் முதல் பந்தயம். மண் தரை. புழுதி பறந்தது. முதலில் வந்தவர் கிளென் டனவே. ஆனால் அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. காரை சோதனை போட்டதில், கள்ளச் சாராயம் கடத்தும் கார்களில் பாரம் தாங்குவதற்காகச் செய்யும் ஸ்பிரிங் வேலை அதில் இருந்தது தெரிந்தது. "தள்ளு இவரை" என்று தள்ளி விட்டார்கள்.

பரிசு இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குப் போனது. இவர் கன்சாஸ் மாநிலத்துக்காரர். சுமார் ஆயிரம் மைல் தாண்டி வந்திருந்தார். இந்தப் பந்தயம் நடப்பது இவருக்கு எப்படித் தெரிந்தது? பத்திரிகையில் வந்த ஒரு சித்திரத் தொடர்கதைக்குள் இந்தப் பந்தயத்தைப் பற்றி ஒரு குறிப்பு இருந்தது. அதைப் படித்துவிட்டு வண்டியைக் கிளப்பிக் கொண்டு வந்து விட்டார்!

பேப்பரில் ஒரு வரி வந்தால் எவ்வளவு தூரத்தில் இருந்து ஆள் வருவான் என்பது அன்றைக்கே பந்தயக்காரர்களுக்குப் புரிந்து விட்டது.

சிகரெட் கம்பெனி வந்தது

ஆனாலும் இந்த வேலைக்கு உண்மையான கிராக்கி வந்தது 1971-ல்தான். அதற்குக் காரணம் ஒரு தடைச் சட்டம்.

அந்த ஆண்டு ஜனவரியில் இருந்து அமெரிக்க டெலிவிஷனிலும் ரேடியோவிலும் சிகரெட் விளம்பரம் கூடாது என்று ஆகி விட்டது. சிகரெட் கம்பெனிகளின் கையில் விளம்பரப் பணம் மூட்டையாக இருக்கிறது. செலவு செய்ய வழி இல்லை.

அந்த நேரத்தில் ஜூனியர் ஜான்சன் என்ற பந்தயக்காரர், வட கரோலினாவிலேயே இருந்த ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட் கம்பெனிக்குப் போனார். தன்னுடைய ஒரு காருக்குப் பணம் கேட்கத்தான் போனார். கம்பெனியோ மொத்தப் பந்தயத் தொடருக்கே பணம் போடுகிறேன் என்று வந்து விட்டது! 'வின்ஸ்டன் கோப்பை' என்று பெயர் வைத்தது. 2003 வரை அந்தப் பெயர் நின்றது.

சும்மா பணம் கொடுத்து விட்டுப் போகவில்லை. சின்ன ஊர் மைதானங்களின் சுவர்களுக்கு சிவப்பு, வெள்ளை பெயிண்ட் அடித்துக் கொடுத்தது. பத்திரிகைக்காரர்களைத் தேடிப் போய்ப் பேச ஆள் போட்டது. அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் வந்தன. பீர், சோப்புத்தூள், மளிகைச் சாமான், வீடு கட்டும் சாமான் என்று எல்லாம் காரின் மேல் ஏறியது. ஒவ்வொரு கம்பெனிக்கும், ஒவ்வொரு கார் முதலாளிக்கும், ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு பி.ஆர்.ஓ. தேவைப்பட்டார்.

சோப்புத்தூள் வாங்கும் குடும்பத்தலைவிக்கும் கார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. சம்பந்தத்தை உண்டாக்குவதற்குத்தான் சம்பளம்.

காகிதத்தில் போட்ட கணக்கு

பி.ஆர்.ஓ. என்றால் செய்தி எழுதிக் கொடுப்பவர், அவ்வளவுதானே என்று நினைத்தால் தப்பு. பாப் லாட்போர்டின் கதையைக் கேட்க வேண்டும்.

இவர் பந்தய மைதானங்களில் விளம்பர வேலை பார்த்தவர். சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் பாயிண்ட் கணக்கு அப்போது அடிக்கடி மாறிக் கொண்டிருந்தது. ரசிகனுக்கு ஒன்றும் புரியாது. பத்திரிகைக்காரர்களுக்கும் தலைவலி. புதுசாக ஒரு கணக்கு போட்டுக் கொடுங்கள் என்று லாட்போர்டிடம் கேட்டார்கள்.

டேடோனா பீச்சில் ஒரு பாரில் உட்கார்ந்து, கை துடைக்கும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார் என்று பந்தய வட்டாரத்தில் இன்றும் சொல்லுகிறார்கள். முதலாவது வந்தால் 175 பாயிண்ட், இரண்டாவது 170 என்று போகும் கணக்கு. 1975-ல் அமலுக்கு வந்தது. 2003 வரை அதை வைத்துத்தான் சாம்பியனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு விளம்பர ஆள் போட்ட கணக்கில் கிட்டத்தட்ட முப்பது ஆண்டு சாம்பியன்கள் வந்தார்கள்!

போர்க்களம் காட்டியவர்

பந்தய மைதானத்துப் பி.ஆர்.ஓ. வேலையில் முடிசூடா மன்னர் என்றால் ஹம்ப்பி வீலர்தான். டயர் கம்பெனியில் இருந்து வந்தவர். 1975 முதல் 2008 வரை சார்லட் பந்தய மைதானத்தை நடத்தினார். 2025-ல் காலமானார்.

"பந்தயம் தொடங்கும் முன்பே கொடுத்த காசு ஜீரணம் ஆகிவிட வேண்டும்" என்பது போல இருக்கும் இவருடைய வேலை. 1983-ல் அமெரிக்கப் படை கிரெனடா தீவில் இறங்கியது அல்லவா? அடுத்த ஆண்டே பந்தய மைதானத்தின் நடுவில் அந்தப் படையெடுப்பை அப்படியே நடித்துக் காட்ட வைத்தார். ஹெலிகாப்டர், சிப்பாய்கள், வெடிச் சத்தம்! இன்னொரு முறை சர்க்கஸ். இன்னொரு முறை பள்ளிக்கூட பஸ் வரிசையாக நிற்கும் கார்களைத் தாண்டிக் குதித்தது.

1992-ல் மைதானத்துக்கு மின் விளக்கு போட்டு இரவுப் பந்தயம் நடத்தினார். அதற்கு முன் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, மைதானத்தின் முதலாளி புரூட்டன் ஸ்மித்தை ஒரு பெரிய சுவிட்சைப் போடச் சொன்னார்கள். பொறி பறக்கும்படி ஏற்பாடு. பறந்த பொறி முதலாளியின் தலைமுடியில் பற்றிக் கொண்டது! நல்ல வேளை, ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் செய்தி எல்லாப் பேப்பரிலும் வந்து விட்டது.

வேடிக்கை மட்டும் அல்ல. 1976-ல் ஜேனட் கத்ரி என்ற பெண், புகழ் பெற்ற இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்துக்குத் தகுதி பெற முடியாமல் நின்றார். "நீங்க இங்க வாங்க" என்று அதே வாரம் சார்லட்டுக்கு வரவழைத்தவர் வீலர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை பெண்களை கார் நிறுத்தும் கேரேஜ் பக்கமே விட மாட்டார்கள். அந்த இடத்தில் ஒரு பெண் 600 மைல் பந்தயம் ஓட்டி 15-வதாக வந்தார். இன்று அதே கேரேஜில் நோட்டும் கையுமாக ஓடும் பி.ஆர்.ஓ.க்களில் பெண்கள் நிறையப் பேர்.

விமானமும் நீலக் காரும்

1984 ஜூலை 4. டேடோனாவில் பந்தயம். அமெரிக்க ஜனாதிபதி ரீகன் வருகிறார். வழியில் விமானத்தில் இருந்தபடியே டெலிபோனில் "எஞ்சினைக் கிளப்புங்கள்" என்று உத்தரவு கொடுத்து பந்தயத்தைத் தொடங்கி வைத்தார். பந்தயம் நடக்கும்போதே அவருடைய விமானம் பக்கத்து விமான நிலையத்தில் இறங்கியது. ரிச்சர்ட் பெட்டியின் கார் ஓடிக் கொண்டிருக்க, பின்னணியில் ஜனாதிபதியின் விமானம் தாழ்ந்து வருகிற படம் உலகப் புகழ் பெற்றது. பெட்டி அன்று தன்னுடைய 200-வது வெற்றியைப் பெற்றார். அத்தோடு சரி, அதற்குப் பிறகு அவர் ஜெயிக்கவே இல்லை. இதுவரை யாரும் 200-ஐத் தொட்டதும் இல்லை.

பெட்டிக்கு பி.ஆர்.ஓ. தேவையா என்றே சந்தேகம். அவரே பாதி பி.ஆர்.ஓ. யார் கேட்டாலும் நின்று, சுழித்துச் சுழித்து, படிக்கிற மாதிரி கையெழுத்துப் போடுவார். ஆனால் ரோஷக்காரர். 1972-ல் எஸ்.டி.பி. எண்ணெய் கம்பெனி பணம் கொடுக்க வந்தது. காரை முழுக்க சிவப்பாக மாற்று என்றது. "என் கார் நீலம்தான்" என்றார் பெட்டி. அதிகப் பணம் தருவதாகச் சொல்லியும் மசியவில்லை. கடைசியில் பாதி நீலம், பாதி சிவப்பு என்று ராஜியானது. வீரருக்கும் விளம்பரக் கம்பெனிக்கும் இடையில் இந்த மாதிரி ராஜி பேசுவது இன்றைக்கும் பி.ஆர்.ஓ. தலையில்தான் விழுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கிடையாது!

சரி, இந்த வேலையில் தினம் என்னதான் செய்வார்கள்?

பிப்ரவரியில் டேடோனாவில் தொடங்கும் பந்தயத் தொடர் நவம்பரில்தான் முடியும். மொத்தம் 36 பந்தயம். கண்காட்சிப் பந்தயங்கள் தனி. கிட்டத்தட்ட எல்லா வாரமும் வேறு ஊர். சனி, ஞாயிறு என்றால் ஊருக்கெல்லாம் விடுமுறை. இவர்களுக்கு அன்றைக்குத்தான் ஆபீஸ். தம்பி கல்யாணம், பிள்ளையின் பிறந்த நாள் எல்லாம் டெலிபோனில்தான்.

காலையில் வீரரை எழுப்பி, விளம்பரக் கம்பெனியின் விருந்தினர் கூடாரத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர்கள் குடும்பத்தோடு காத்திருப்பார்கள். வீரர் பத்து நிமிஷம் பேசி, படம் எடுத்துக் கொண்டு, அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். டெலிவிஷன் பேட்டிக்கு இரண்டு நிமிஷம். ரேடியோவுக்கு ஒரு நிமிஷம். யாராவது ஒருவருக்குக் கொடுத்த நேரத்தில் வீரர் வராவிட்டால் திட்டு வாங்குவது பி.ஆர்.ஓ.

பேட்டியில் வீரர் குடிக்கும் பாட்டிலின் லேபிள் கேமராவைப் பார்த்து இருக்க வேண்டும். கோட்டின் ஜிப் சரியான உயரத்துக்கு ஏற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனி பெயர் மடிப்பில் மறைந்து போகும். சிரிக்கிற விஷயம்தான். ஆனால் லட்சக்கணக்கான டாலர் கொடுத்தவனுக்கு சிரிப்பு வராது.

பந்தயம் ஓடும்போது காதில் ஒலிக்கருவியை மாட்டிக் கொண்டு, வீரரும் மெக்கானிக்குகளும் பேசுவதை எல்லாம் குறித்துக் கொள்ள வேண்டும். பந்தயம் முடிந்ததும் பத்திரிகைக் குறிப்பு போக வேண்டும். முன்பு தட்டச்சு அடித்து, நகல் எடுத்து, பத்திரிகையாளர் அறையில் மேஜை மேஜையாக வைத்தார்கள். இப்போது செல்போனில் படம், வீடியோ என்று நொடிக்கு நொடி அனுப்ப வேண்டும். வேலை சுருங்கி விட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டு மடங்காகி விட்டது.

அந்த ஒரு வாக்கியம்

ஜெயிக்கிற நாளில் இந்த வேலையை யாரும் செய்து விடலாம். கெட்ட நாள் வரும்போதுதான் ஆள் யாரென்று தெரியும்.

விபத்தில் கார் நொறுங்கி, ஓட்டிக் கொண்டு திரும்ப முடியாமல் போனால், வீரர் மைதானத்துக்குள் இருக்கும் மருத்துவக் கூடத்துக்குப் போயே ஆக வேண்டும். அது விதி. வாசலில் பி.ஆர்.ஓ. நிற்பார். எதிரே பத்து கேமரா. வீட்டில் இருந்து வீரரின் மனைவி போன் செய்வார். கம்பெனியில் இருந்து போன் வரும். "எப்படி இருக்கார்?" என்று எல்லோரும் கேட்பார்கள். தெரிந்ததைத்தான் சொல்ல வேண்டும். தெரியாததைச் சொல்லி விட்டால் திரும்ப எடுக்க முடியாது.

2001 பிப்ரவரி 18. டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்று. ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட்டின் கார் சுவரில் மோதியது. பார்த்தவர்களுக்கு அது பெரிய விபத்தாகவே தெரியவில்லை. அதைவிட மோசமாக மோதி நடந்து வந்தவர்கள் உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பத்திரிகையாளர் அறையில் ஒரு செய்தியும் இல்லை. அந்த மௌனமே பலருக்கு விஷயத்தைச் சொல்லி விட்டது.

கடைசியில் நாஸ்கார் தலைவர் மைக் ஹெல்டன் வந்தார். எர்ன்ஹார்ட்டை இழந்து விட்டோம் என்று சொன்னார். ஆறடிக்கு மேல் உயரமான கனத்த மனிதர், குரல் தழுதழுத்தது. அவர் தலைவர் பதவிக்கு வந்து மூன்று மாதம் கூட நிறைந்திருக்கவில்லை.

இந்த ஹெல்டன் யார்? கணக்குப் படித்தவர். பிரிஸ்டல் என்ற ஊரில் சின்ன ரேடியோ நிலையத்தில் விளையாட்டுச் செய்தி சொன்னவர். 1980-ல் அட்லாண்டா பந்தய மைதானத்தில் மக்கள் தொடர்பு வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்து படிப்படியாக ஏறி, 2000-ம் ஆண்டு கடைசியில் நாஸ்காருக்கே தலைவரானார். பில் பிரான்ஸ் குடும்பத்துக்கு வெளியில் இருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவர்தான்.

அந்த விபத்துக்குப் பிறகு நாஸ்காருக்குப் பத்திரிகைகளோடு பெரிய உரசல். பாதுகாப்பு பற்றிக் கேள்வி மேல் கேள்வி. அப்போது அவர்கள் தேடிப் பிடித்துக் கூப்பிட்டது ஜிம் ஹன்டர் என்ற பழைய ஆளை. பத்திரிகை நிருபராக இருந்து, டார்லிங்டன் மைதானத்தின் பி.ஆர்.ஓ. ஆகி, பிறகு அந்த மைதானத்துக்கே தலைவரானவர். 2010-ல் இறக்கும் வரை நிருபர்களுக்கு அவரைத் தெரியும், அவருக்கு நிருபர்களைத் தெரியும். நெருக்கடி நேரத்தில் பெரிய பட்டம் படித்தவரைத் தேடவில்லை. போன் செய்தால் எடுத்துப் பேசுகிற ஆளைத் தேடினார்கள்.

வாசல் எங்கே?

இனி வேலைக்கு வருவோம்.

"எனக்குக் கார் பந்தயம் என்றால் உயிர் சார்" என்று சொல்லிக் கொண்டு போனால் வேலை கிடைக்காது. "உயிர்னா டிக்கெட் வாங்கிப் பாருப்பா" என்று அனுப்பி விடுவார்கள். ரசிகர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அரை மணி நேரத்தில், சத்தத்துக்கு நடுவில், தப்பில்லாமல் ஒரு பக்கம் எழுத முடியுமா? அதைத்தான் பார்ப்பார்கள்.

வாசல் பெரிய மைதானத்தில் இல்லை. சின்ன ஊரில் இருக்கிறது. அமெரிக்கா முழுக்க வாரா வாரம் இரவில் பந்தயம் நடக்கும் சிறு மைதானங்கள் உண்டு. வின்ஸ்டன்-சேலம் ஊரில் பவுமன் கிரே மைதானம் 1949 முதல் நாஸ்கார் பந்தயம் நடத்துகிறது. ஹிக்கரி என்ற ஊரின் மைதானம் 1951-ல் இருந்து ஓடுகிறது. இந்த மாதிரி இடங்களில் ஆள் எப்போதும் தேவை. சம்பளம் சொற்பம். சில சமயம் இலவச டிக்கெட்டும் சாப்பாடும்தான். ஆனால் முடிவுகளைக் குறித்து உள்ளூர் பேப்பருக்கு அனுப்புவது, ஒலிபெருக்கியில் அறிவிப்பது, ஸ்பான்சர் கடைக்காரரைப் பார்ப்பது என்று எல்லா வேலையும் ஒரே ஆள் கற்றுக் கொள்ளலாம்.

நெட் ஜாரெட் என்ற வீரர் இருந்தார். 1961, 1965 இரண்டு ஆண்டும் சாம்பியன். அவருக்கு ஒரு குறை. நாலு பேர் முன்னால் பேச வராது. வெட்கப்பட்டுக் கொண்டு உட்காரவில்லை. டேல் கார்னகி பேச்சு வகுப்பில் சேர்ந்து படித்தார். பிற்பாடு ஹிக்கரி மைதானத்தை நடத்தினார். டெலிவிஷன் வர்ணனையாளர் ஆனார். 1993-ல் தன் மகன் டேல் ஜாரெட் டேடோனா 500 ஜெயித்ததை தந்தையே வர்ணனை செய்தார். சாம்பியனே வகுப்புக்குப் போய் உட்கார்ந்தார் என்றால் மற்றவர்கள் யோசித்துக் கொள்ளலாம்.

கல்லூரியில் படிப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நாஸ்கார் அமைப்பும், மைதானங்களும், கார் கம்பெனிகளும் கோடை விடுமுறையில் மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கின்றன. பந்தய நிர்வாகத்தையே பட்டப் படிப்பாக வைத்திருக்கும் கல்லூரிகள் வட கரோலினாவில் இருக்கின்றன. ஆனாலும் இதழியல் படித்தவர்களும், கல்லூரி விளையாட்டுத் துறை ஆபீசில் கால்பந்து செய்தி எழுதிக் கொடுத்துப் பழகியவர்களும் நிறைய வருகிறார்கள்.

இடம் முக்கியம். பெரும்பாலான பந்தயக் குழுக்கள் சார்லட் நகரைச் சுற்றித்தான் இருக்கின்றன. மூர்ஸ்வில், கன்கார்டு, ஹன்டர்ஸ்வில் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். மளிகைக் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் ஏதோ ஒரு குழுவின் மெக்கானிக்காக இருப்பார். வேலை காலி என்ற செய்தி பேப்பரில் வரும் முன்பே அந்த வரிசையில் வந்து விடும்.

இன்னொரு ரகசியம்: கேரேஜுக்குள் முதல் நாள் போகும்போது வீரரிடம் கையெழுத்து கேட்கக் கூடாது. கேட்டால் அன்றோடு கதை முடிந்தது. "இவன் ரசிகன்" என்று முத்திரை குத்தி விடுவார்கள்.

காரும் போச்சு, வேலையும் போச்சு

இவ்வளவு கஷ்டப்பட்டு வேலைக்குப் போனால் நிரந்தரமா? அதுதான் இல்லை.

பல பி.ஆர்.ஓ.க்களின் சம்பளம் விளம்பரக் கம்பெனியின் பணத்தில் இருந்து வருகிறது. கம்பெனி விலகினால் வேலையும் விலகும். 2008-ல் அமெரிக்காவில் பொருளாதாரச் சரிவு வந்தபோது அந்தப் பந்தய ஆண்டு முடிந்ததும் நூற்றுக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சில குழுக்கள் ஒன்றோடு ஒன்று இணைந்தன.

தோற்கிற குழுவுக்குத்தான் அந்தக் கதி என்று நினைத்தால் தப்பு. டென்வர் நகரில் இருந்த பர்னிச்சர் ரோ குழு 2017-ல் சாம்பியன்! அடுத்த ஆண்டு ஒரு பெரிய விளம்பரதாரர் விலகுவதாகச் சொன்னார். வேறு ஆள் கிடைக்கவில்லை. 2018 முடிந்ததும் கடையை மூடி விட்டார்கள். கோப்பை வாங்கிய அடுத்த ஆண்டே கதவில் பூட்டு!

அதனால்தான் அனுபவசாலிகள் ஒரே ஒரு வீரரின் நிழலில் நிற்பதில்லை. மற்ற குழு ஆட்கள், மைதானத்து ஆட்கள், நிருபர்கள் எல்லோரோடும் முகம் கொடுத்துப் பழகி வைக்கிறார்கள். இன்றைக்கு எதிரணி, நாளைக்கு முதலாளி. சிலர் வேறு பக்கம் தாவி மேலே போனதும் உண்டு. டேல் எர்ன்ஹார்ட்டின் மகனுக்கு பி.ஆர்.ஓ.வாக இருந்த மைக் டேவிஸ், அவரோடு சேர்ந்து ஒலிபரப்பு நிகழ்ச்சி நடத்தப் போய், அந்த ஒலிபரப்பு நிறுவனத்தையே நடத்தும் பொறுப்புக்கு வந்தார்.

கோயம்புத்தூர்க்காரர் வாங்கிய ஓட்டு

இந்தப் பந்தயத்தில் நம் ஊர் ஆள் யாரும் இல்லையா? இருந்தார்!

கோவை நரேன் கார்த்திகேயன். பார்முலா-1 பந்தயத்தில் ஓடியவர் என்று எல்லோருக்கும் தெரியும். 2010-ல் அவர் நாஸ்காரின் லாரிப் பந்தயத் தொடரில் ஓட்டினார். லாரி என்றால் சரக்கு லாரி அல்ல. திறந்த பின்பக்கம் உள்ள 'பிக்கப்' வண்டி மாதிரி உருவம். மார்ட்டின்ஸ்வில் மைதானத்தில் முதல் பந்தயத்திலேயே 13-வதாக வந்தார்.

அந்த ஆண்டு முழுவதும் ஒரு பந்தயத்தில் கூட அவர் ஜெயிக்கவில்லை. எல்லாப் பந்தயத்திலும் ஓட்டவும் இல்லை. ஆனால் ஆண்டு முடிவில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் 'மக்கள் அபிமான வீரர்' விருது யாருக்குத் தெரியுமா? நரேனுக்கு! கம்ப்யூட்டரில் ஓட்டு. எங்கிருந்து வேண்டுமானாலும் போடலாம். ஆண்டாண்டு காலமாக அங்கேயே ஓட்டி வந்த அமெரிக்க வீரர்கள் எல்லாம் விருதைப் பார்த்துக் கொண்டு நின்றார்கள்.

ஓட்டுப் போட வைப்பதும், பெயரைப் பரப்புவதும்தான் பி.ஆர்.ஓ. வேலை. கோவையின் பெயர் வர்ஜீனியா மாநிலத்து மைதானம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

நவம்பரில் பந்தயத் தொடர் முடிந்ததும் எந்தக் கம்பெனி இருக்கும், எது விலகும், எந்த வீரர் எந்தக் காருக்கு மாறுவார் என்பதெல்லாம் ஏறக்குறையத் தெரிந்து விடும். ஆள் எடுப்பதும் ஆள் குறைப்பதும் அந்தச் சமயத்தில்தான். பிப்ரவரியில் டேடோனாவில் எஞ்சின் கிளம்பும்போது எல்லா நாற்காலியும் நிரம்பி விடும். விண்ணப்பம் போடுகிறவர்கள் கிறிஸ்துமசுக்கு முன்பே போட்டு விடுகிறார்கள். கூடவே தாங்கள் எழுதி அச்சில் வந்த செய்தி நாலைந்தையும் கத்தரித்து வைத்து அனுப்புகிறார்கள்.